மூடிய டிரம்

ஜீப்பின் பின்பிரேக்கை வீட்டிலேயே மாற்றினேன். ஒன்றரை டன்னுக்கு மேல் கனம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, அச்சைத் தாங்கியில் ஏற்றி, டிரம்மைக் கழற்றினால் இடப்பக்கத்து வீல் சிலிண்டர் கசிந்திருக்கிறது. புதிய ஷூ கையில் இருந்தது. சிலிண்டருக்கு ரப்பர் கிட் இல்லை. ஞாயிறு. துடைத்துவிட்டு மூடிவிடலாமா?

மனம் உடனே இயற்பியல் பேசியது. பிரேக் பிடித்ததும் பளு முன்னால் சாய்கிறது. நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. உண்மைதான். பொய்யாயிருந்தால் எனக்கே உறுத்தியிருக்கும். உண்மையாயிருந்ததால்தான் அதைக்கொண்டு என்னை ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. என் வண்டியில் கைப்பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே பிடிக்கிறது என்பதையும், ஆயில் ஊறிய லைனிங் வழுக்கும் என்பதையும் அந்த இயற்பியல் சொல்லாமல் விட்டது.

டிரம்மை மூடியபின் உள்ளே யாரும் பார்க்கப்போவதில்லை. மனச்சாட்சி என்று சொல்லிவிடலாம் (நாம் புழங்கித் தேய்த்துவிட்ட சொல்). எனக்கு நினைவில் வந்தது நான் வண்டி நிறுத்துகிற சரிவும், அதன் கீழிருக்கும் மாவுமில் திண்ணையும்தான். அங்கே உட்காருகிறவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவர்கள் என்னை நம்பி உட்காரவில்லை; நான் ஒருவன் இருப்பதே தெரியாது. தெரியாதவர்களுக்கு வாக்குத் தவறமுடியுமா?

வண்டி இரவெல்லாம் தாங்கிமேல் நின்றது. திங்களன்று கிட் வாங்கிவந்தேன். காற்று எடுக்க மனைவி பெடலை மிதித்தாள். நான் கீழே கிடந்து, குமிழி நிற்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.