பஸ் கட்டணம் யார் பொறுப்பு?

பொழுது புலருமுன் பஸ் ஏறிக் கடைத்தெருவுக்கு வரும் துப்புரவுத் தொழிலாளியை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர் பிரயாணத்தால் பயனடைபவர் அவர் ஒருவர்தாமா? கடைக்காரருக்கும் பயனுண்டு, கடைக்கு வருவோருக்கும் உண்டு. பஸ்ஸில் கால் வைத்தறியாத மோட்டார்க்காரருக்குங்கூடச் சாலையில் நெரிசல் குறைகிறது. பயன் பலருக்கிருக்க, பாரம் ஒருவர் தலையில் மட்டும் விழுவது நியாயமாகுமா?

“இலவசமாக விடலாமே” என்பர் சிலர். லக்ஸம்பர்க் நாடு 2020 மார்ச் முதல் அவ்வாறே செய்து வருகிறது. ஆயினும், இலவசமென்றால் செலவில்லை என்பதன்று. டிரைவரின் சம்பளம் வரிப்பணத்திலிருந்து வரவேண்டும். மேலும், அரைமணி நேரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஏழைக்கு இலவசத்தால் என்ன லாபம்?

சிங்கப்பூர் மேற்கொண்டது நடுவழியாகும். 1975-ல் காலை நெரிசல் வேளையில் நகர மையத்துள் நுழையும் மோட்டார்களுக்குக் கட்டணம் விதித்தது; 1998-ல் அது மின்னணு முறையாயிற்று. 2010 முதல் பஸ் மாறி ஏறினாலும் மொத்தத் தூரத்துக்கே கட்டணம். 2016 முதல் பஸ் கட்டண வருமானத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, கம்பெனிகளுக்கு ஒப்பந்தப்படி பணம் கொடுக்கிறது. ஆகவே, ஆள் குறைந்த பேட்டையைக் கைவிடக் கம்பெனிக்குக் காரணமில்லை.

நாம் கருதுவது இதுவே: ஏறுபவர் இயன்றதைக் கொடுக்கட்டும்; இயலாதவர்க்குச் சலுகை கிட்டட்டும்; எஞ்சியதை ஊர் முழுதும் ஏற்கட்டும். சலுகை பிச்சையன்று, ஊர் பட்ட கடனைத் தீர்ப்பதாகும். கட்டணம் உயரும்போதெல்லாம், “விடியற்காலை பஸ்ஸில் வருபவர் இதைத் தாங்குவாரா?” என்பதே நம் முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.