குடமும் குதிரையும்

மாயையை முதற்காரணமாகவும், சத்தியைத் துணைக்காரணமாகவும், இறைவனை நிமித்த காரணமாகவும் கொள்ளும் சைவ சித்தாந்தம், இதை விளக்க மண், திகிரி, குயவன் ஆகிய மூன்றையும் காட்டுவது வழக்கம். உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்னும் சற்காரிய வாதத்துக்கு அவ்வுவமை போதும். ஆனால் குடம் முடிந்ததும் திகிரி விலகிவிடுவதால், துணைக்காரணம் காரியத்துக்குப் புறம்பானது என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆலங்குடி வட்டாரத்தில் ஐயனார் கோயில் புரவியெடுப்பு விழாவுக்குச் செய்யப்படும் மண்குதிரை அந்த எண்ணத்தை மறுக்கிறது. உமியும் மணலும் சேர்த்துப் பிசைந்த மண்ணை வளையம் வளையமாக ஏற்றிக் கால், வயிறு, கழுத்து என எழுப்புகையில், கீழ்வரிசை காய்ந்தபின் ஈரமண்ணை வைத்தால் ஒட்டு விடும். இறுகுமுன் வைத்தாலோ பாரம் தாங்காமல் சரியும். மண் ஒன்றுதான், ஆயினும் அதை அடுக்கிய முறை உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

டங்ஸ்டன், மாலிப்டினம், நையோபியம் போன்ற உயர் உருகுநிலை உலோகங்களைத் தூளாகப் பரப்பி, லேசரால் படலம் படலமாக உருக்கி உருவம் செய்யும் அச்சுமுறையிலும், நுண்ணோக்கியில் தெரிவது இதுவே. உருகிய சிறு குட்டை கணத்தில் உறைய, உலோகத்தின் படிக மணிகள் வெப்பம் வடியும் திசையைப் பற்றிப் பல அடுக்குகளைக் கடந்து நெட்டையாக வளர்வதால், ஒரே துண்டு நெடுக்கில் ஒரு வலுவும் குறுக்கில் வேறு வலுவும் காட்டக்கூடும். 3,422 பாகை செல்சியசில் உருகும் டங்ஸ்டன், சில நூறு பாகைக்குக் கீழே வளையாமல் நொறுங்கும் இயல்புடையது. மணிகளின் எல்லையில் ஒதுங்கும் ஆக்சிஜன் பிடிப்பைத் தளர்த்த, குளிர்ந்து சுருங்கும்போது விரிசல் அவ்வழியே ஓடுகிறது. நையோபியமோ இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலை எஞ்சின்களின் புகைபோக்கிக் கூம்புகளுக்கு அதன் கலப்புலோகமே பயன்பட்டு வந்திருக்கிறது.

அவ்விரிசல் டங்ஸ்டனில் முன்பே இருந்ததா, லேசர் கொண்டுவந்ததா? உலோகத்திலேயே முழுதும் இருந்ததென்றால், தூளைப் பரப்பும் அடித்தட்டை முன்கூட்டியே பழுக்கச் சூடாக்கும்போது அது குறைவதற்குக் காரணமில்லை. லேசரே கொண்டுவந்ததென்றால், அதே கற்றைக்கு நையோபியமும் அப்படியே பிளந்திருக்க வேண்டும். முதற்காரணத்தில் ஆற்றலாய்க் கிடந்ததைத் துணைக்காரணம் வெளிப்படுத்தியது என்பதோடு, வெளிப்படுத்திய விதத்தைப் பொருளுக்குள் விட்டும் சென்றது என்பதே பொருந்தும். உலகோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் இறை நிற்கிறது என்று கொள்ளும் சித்தாந்தத்துக்கு, திகிரி விலகிப்போகும் குடத்தைவிட, ஒட்டு உள்ளே நிற்கும் குதிரையே நெருங்கிய உவமை.