தனித்து ஆடுதலும் கூடி ஆடுதலும்

வீடியோ விளையாட்டுகளில் ஈடுபடும் இளைஞர்களிடம், தனித்து ஆடுவது விருப்பமா, பலரோடு கூடி ஆடுவது விருப்பமா என்று கேட்டால், விடை இரு கூறாகவே பிரிகிறது. இதனை வெறும் சுவை வேறுபாடு என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் இஹ்யாவில் தனித்திருத்தலுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, அதனையும் மக்களோடு கலந்து வாழ்தலையும் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். தனிமையில் புறம்பேசுதலினின்றும் முகஸ்துதியினின்றும் தப்பலாம். கூட்டத்திலோ பொறுமையும் பணிவும் பழகலாம். எது மேல் என்பது ஆளையும் நிலையையும் பொறுத்தது. இறைவழிபாட்டை முன்னிட்டு எழுந்த அவ்வாராய்ச்சியை விளையாட்டுக்கு இழுத்து வருவது சற்று மிகையே. ஆயினும் அளவுகோல் பயன்படுகிறது.

1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'ஸ்பேஸ்வார்' இருவர் ஆடுவது. எதிராளியாக நிற்கும் திறமை அவ்வாட்டத்தில் எந்திரத்துக்கு ஊட்டப்படவில்லை. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டத்துக்கோ ஒருவரே போதும். விழுகின்ற கட்டங்களை அடுக்குபவர் பாதியில் எழுந்து போனால் யாருக்கும் நட்டமில்லை. யாரும் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும். 2009-இல் வெளிவந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்னும் ஆட்டத்தில் ஐவர் ஓரணியாக மற்றோர் ஐவரை எதிர்க்கின்றனர். அரை மணி நேரம் அளவுக்கு நீளும் அவ்வாட்டத்தை ஒருவர் தம் வசதிக்கு நிறுத்தி வைக்க முடியாது. இடையில் விலகினால் அவருக்குத் தண்டனை உண்டு. எஞ்சிய நால்வரும் தோல்வியை நோக்கித் தள்ளப்படுவர். கூடி ஆடுகிறவர் மீது பிறருக்கு ஒரு ஹக்கு ஏற்பட்டுவிடுகிறது என்பது இதன் பொருள். பாங்கு ஒலிக்கும்போது உம்மா அழைக்க, "இப்போது எழுந்தால் மற்றவர்கள் தோற்றுப் போவார்கள்" என்று மகன் சொல்வது முழுக்கச் சாக்கன்று. முகமறியாத நால்வருக்குக் கொடுத்த வாக்கை அவன் எண்ணுகிறான். உடன்படிக்கையை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. விளையாட்டில் செய்தது உடன்படிக்கையே அல்ல என்று அவனிடம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கூடி ஆடுவதை வெறுப்போரில் பலர் உண்மையில் அஞ்சுவது மனிதரின் நாவுக்கே. தோல்வி நேர்ந்தவுடன் ஏச்சும் பழிப்பும் பொழியும் களங்கள் அவை. 2012-இல் வந்த 'ஜர்னி' என்ற ஆட்டம் இதற்கு அழகானதொரு வழி கண்டது. பாலைவெளியில் நடக்கும் பயணியுடன் அறியாத ஒருவர் வந்து சேர்வார். பேச வழியில்லை, ஓர் ஒலிக்குறிப்பு மட்டும் எழுப்பலாம். அவர் பெயரும் பயணம் முடிந்த பிறகே தெரியும். விரும்பினால் பிரிந்து தனியே நடக்கலாம், தடையில்லை. கடமை ஏதுமின்றியும் புகழுக்கு இடமின்றியும் ஒருவருக்கொருவர் துணை நிற்கின்ற இவ்வாட்டத்தையே நாம் இரு வகையிலும் மேலானதாகக் கருதுகிறோம்.

ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் நாடுவது ஐவர் அணியைத்தான். பந்தயமின்றி ஆடப்படும் சதுரங்கத்தை ஷாஃபிஈ மத்ஹபு மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்துகிறது; பந்தயம் சேர்ந்தாலோ, அதில் மூழ்கித் தொழுகையின் வக்தைத் தவறவிட்டாலோ அது ஹராமாகிவிடும். இவ்வளவுகோலின்படி மகனின் பிழை, பாங்கு கேட்டும் எழாததற்கு முன்பே நேர்ந்துவிட்டது. மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அரை மணி நேர ஆட்டத்தில் சேர்கிறவன், அல்லாஹ்வின் ஹக்கு முந்தி நிற்கும் நேரத்தை அடியார்க்கு வாக்களித்து விடுகிறான். ஜமாஅத்து போகும், ஆட்டம் நீண்டால் வக்தும் போகலாம். எழுந்து போனாலோ நால்வருக்கு அநீதி. ஆதலால் கடிகாரத்தைப் பார்த்த பின்பே அணியில் சேர வேண்டும். நேரம் குறுகியிருந்தால் தனியாட்டம் போதும். நீண்ட ஆட்டத்தை இஷாவுக்குப் பின் வைத்துக்கொள்ளட்டும் என்று எழுத முனைகையிலேயே, "அப்படியானால் சுபுஹு என்னாவது?" என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது.