படகில் ஏறிய ஆறு பேர்

பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு, 2025 மே 4
நற்செய்தி: யோவான் 21:1-19



பேதுரு மீன்பிடிக்கக் கிளம்புகிறார். மீனவர் மீன்பிடிக்கப் போவதில் என்ன செய்தி இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இவர் வலையை என்றோ உதறிவிட்டு வந்தவர். ஆண்டவருக்காக உயிரையும் கொடுப்பதாக எல்லார் முன்னாலும் சொன்னவர். அதே இரவில், குளிர்காய மூட்டிய நெருப்பருகே ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கே ஆடிப்போய், அந்த ஆளைத் தெரியாது என்றார். உயிர்த்த இயேசுவை அவர் இதற்குள் பார்த்தும்விட்டார். ஆனாலும் அந்த இரவு நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. பழைய தொழிலுக்கே திரும்புகிறார். சென்னையிலோ பெங்களூரிலோ கடை வைத்து நொடித்துப்போன பிள்ளை ஊருக்கு எப்படி வருவான் என்று நமக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தெரிந்த முகம் எதிர்ப்படாத தெருவாகப் பார்த்து வருவான்.

அப்போது பேதுருவோடு ஆறு பேர் இருந்தார்கள். தோமா, நத்தனியேல், செபதேயுவின் மக்கள் இருவர், பெயர் சொல்லப்படாத இன்னும் இருவர். அவர்களில் ஒருவரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. நீ செய்தது சரியா என்று கேட்கவில்லை. கூடவே கிளம்பிப் படகில் ஏறினார்கள். இரவு முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அவரோடு சேர்ந்து அவர்களும் வெறுங்கையோடு இருந்தார்கள். விடிந்ததும் ஆண்டவர் சொன்னபடி வலை வீசிப் பிடித்த 153 மீனை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஆறு பேரை யாரும் எண்ணுவதில்லை. அன்றைக்கு அருள் இறங்கியது அந்தப் படகில்தான் என்று நான் நம்புகிறேன். கரையில் ஆண்டவர் நின்றது அதற்குப் பிறகு.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசை நினைத்துப் பாருங்கள். அவரும் மனம் வருந்தியவர்தான். மத்தேயு தெளிவாக எழுதியிருக்கிறார். முப்பது வெள்ளிக் காசையும் எடுத்துக்கொண்டு கோவிலுக்கே போனார். பாவம் செய்துவிட்டேன் என்று தலைமைக் குருக்களிடம் வாய்விட்டுச் சொன்னார். ஒப்புரவுக்கு வருகிறவர் செய்ய வேண்டியது அதுதானே? அவர்களோ, அது உன் பாடு, எங்களுக்கு என்ன என்று அனுப்பிவிட்டார்கள். குருவாக இருக்கிற எனக்கு அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் பயமாக இருக்கும். மனம் வருந்தியது இருவரும்தான். பேதுருவுக்குப் போய் உட்கார ஓர் இடம் இருந்தது.

அப்படி ஓர் இடம் இல்லாமல் போவதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீர் நள்ளிரவில் பெருக்கெடுத்து வந்ததே, அந்த வெள்ளத்திலும் அசையாமல் நின்றது. பறம்பு மலைத் தலைவன் பாரியை மூவேந்தரும் சேர்ந்து அழித்தபின், புலவர் கபிலர் நண்பனின் பெண்மக்களை மணமுடித்துக் கொடுக்க, அவர்களை அழைத்துக்கொண்டு மன்னர்களின் வாசல் வாசலாகப் போனார். விச்சிக்கோ மறுத்தான். இருங்கோவேள் மறுத்தான். கடைசியில் மலையமான் நாட்டில் கடமையை முடித்துவிட்டு, பெண்ணை ஆற்றுப் பாறையில் தீப்புகுந்தார் என்று கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. வடக்கிருந்து உயிர் துறந்தார் என்பாரும் உண்டு. கபிலரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் நட்புக்குப் பட்ட கடனைத் தீர்த்தவர். ஆனால் அந்தப் பாறையைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி வரும். பாரியின் மக்களுக்கு இடம் தேடி இவ்வளவு தூரம் அலைந்தவருக்கு, நீங்களும் எங்களோடு இருங்கள் என்று யாராவது சொன்னார்களா?

நாம் மானத்தைப் பெரிதாகப் போற்றி வளர்ந்தவர்கள். மானம் போனால் உயிர் எதற்கு என்பதைப் பெருமையாகவே பேசுகிறோம். அந்தப் பேச்சு பதினேழு வயதுப் பிள்ளையின் காதிலும் விழுகிறது. கரும்பு போட்டுக் கடனாளியானவர் காதிலும், செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறையில் கிடந்துவிட்டுக் கல்வராயன் மலைக்குத் திரும்பியவர் காதிலும் விழுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கும் மேல் இறந்தார்கள். குடித்துச் செத்தவன் வீட்டுக்கு எதற்குப் பத்து லட்சம் நிவாரணம் என்று டீக்கடையில் பேசினோம். பூசைக்கு வருகிறவர்களும் பேசினார்கள். அந்த வீட்டு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நாம் சொன்னது என்ன? அது உன் பாடு என்பதைத்தான்.

இங்கே சிலர் வீட்டில் தற்கொலை நடந்திருக்கிறது. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சாமியார் மந்திரிக்க வரமாட்டார், கல்லறையில் இடமும் கிடையாது என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. 1983-இல் வந்த சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்று கற்பிக்கிறது. திருச்சபை அவர்களுக்காகவும் மன்றாடுகிறது. கல்லறைத் திருநாளுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது அந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். எழுதிக் கொடுங்கள். பீடத்தில் நான் வாசிக்கிறேன்.

மறுபடி கரைக்கு வருவோம். கரி நெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். இவர்கள் பிடித்ததைக் கொண்டு வருமுன்பே அங்கே மீன் வெந்துகொண்டிருக்கிறது. ஆண்டவர் முதலில் சாப்பிடச் சொல்கிறார். இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாகக் கேட்டபோதும் கடவுள் இப்படித்தான் செய்தார். தூங்கவிட்டார், தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். பேதுருவிடம் அன்பைப் பற்றிக் கேட்டது சாப்பாடு முடிந்த பிறகு. மறுதலித்த கதையை அவர் எடுக்கவே இல்லை. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் ஆடுகளை ஒப்படைத்தார்.

வரும் புதன்கிழமை கர்தினால்கள் கூடிப் பேதுருவின் இருக்கைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறார்கள். நம்மை விட்டுப் பிரிந்த திருத்தந்தை பிரான்சிசிடம் 2013-இல் ஒரு நேர்காணலில், நீங்கள் யார் என்று கேட்டார்கள். தாம் ஒரு பாவி என்பதே அவர் சொன்ன முதல் பதில். அந்த இருக்கையில் முதலில் உட்கார்ந்தவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

நாம் ஏற வேண்டிய படகும் ஒன்று உண்டு. இந்த வாரம் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது. ஒவ்வோர் அன்பியத்திலும் எந்தெந்த வீட்டில் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாஸ் ஆன வீட்டுக்கு இனிப்பு வாங்கப் போகிற கால் தானாகப் போகும். மற்ற வீட்டுக்கு அன்று மாலையே இரண்டு பேர் போங்கள். மார்க்கைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையைச் சொல்லாதீர்கள். சோறோ டிபனோ எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்து சாப்பிடுங்கள். துணைத் தேர்வு உடனே வருகிறது, அதற்கு விண்ணப்பிக்கிற வேலையை மறுநாள் பார்க்கலாம். இரவில் யாராவது தனியாகத் தவித்தால் 104 அல்லது 14416 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்; காசு கிடையாது. என் அறைக் கதவையும் எந்த நேரத்திலும் தட்டலாம்.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.