அடிபடாத கவசம்

பயன் கருதிச் செய்யப்படும் பொருளின் செம்மையை அளந்தறிதல் எளிது. தோணி கட்டும் தச்சன் பலகைகளை ஆணியால் இறுக்குகின்றான். அவன் வேலை நேரியதா என்பதைக் கடல் சொல்லிவிடும். பூட்டுச் செய்தவனைக் கள்வன் சோதிக்கின்றான்; கூரை வேய்ந்தவனை மாரி சோதிக்கின்றது. ஆனால், ஒருபோதும் சோதனைக்கு உட்படாத பொருளொன்றை ஒருவன் தன் மனமகிழ்வுக்காகவே செய்வானாயின், அதனைச் செம்மையாகச் செய்யவேண்டிய கடமை அவனுக்கு உண்டா? உண்டெனின், அக்கடமை யாருக்குச் செலுத்தப்படுவது? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்வினா வீண் வினாவாகத் தோன்றலாம். ஆயினும், மனிதன் தன் உழைப்போடு கொண்டுள்ள உறவு முழுவதும் இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

இவ்வினாவை ஆராய்தற்கு வாய்ப்பான எடுத்துக்காட்டு, பண்டை முறைப்படி இரும்புக் கவசம் செய்யும் பொழுதுபோக்காகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் பலர். 1966இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரிலே தோன்றிய கழகமொன்று இடைக்கால வாழ்வை மீண்டும் நடித்துப் பார்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. அதன் உறுப்பினர் தாமே கவசம் செய்து, அணிந்து, பிரம்பினாலாகிய வாள்களால் பொருதுவர். பிரம்படி வலி தரும். உயிர் கொள்ள முனையும் ஈட்டி அன்று. ஆகவே, அக்கவசங்களும் தம் மெய்யான சோதனையை ஒருநாளும் காண்பதில்லை.

வளையக் கவசம் செய்யும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். இரும்புக் கம்பியை ஒரு கோலின்மீது சுருளாகச் சுற்றி, அச்சுருளை நெடுக வெட்டினால் வளையங்கள் பிரியும். அவற்றைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு இளக்கிக்கொள்வர். பின்னர் ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்து, சுத்தியலால் தட்டையாக்கி, சிறு துளையிட்டு, அத்துளையிலே நுண்ணிய ஆணியொன்றைச் செலுத்தி, அதன் தலையை நசுக்கி இறுக்குவர். பட்டறைகளிலே ‘றிவெற்’ என வழங்கும் தறையாணி இதுவே. ஒரு வளையம் அயலிலுள்ள நான்கு வளையங்களைக் கோத்து நிற்கும். முழுச் சட்டை ஒன்றுக்கு இருபதினாயிரம் முதல் முப்பதினாயிரம் வளையங்கள்வரை வேண்டப்படும். தறைவதற்கோ, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கண்ணும் கையும் வேண்டும்.

எளிய வழியும் ஒன்றுண்டு. வளையத்தின் முனைகள் இரண்டையும் குறட்டினால் நெருக்கி, ஒன்றோடொன்று முட்டச் செய்துவிட்டால் ஆணி வேண்டியதில்லை. உழைப்பும் பன்மடங்கு குறையும். பத்தடி தொலைவில் நின்று பார்ப்பவன் இரண்டுக்கும் வேறுபாடு காணான். ஈட்டிமுனை ஒன்றே வேறுபாட்டை அறியும். முட்டவைத்த வளையம் வாய்திறக்கும், தறைந்த வளையம் தாங்கும். ஈட்டி வரப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தபின், தறைவதற்கு நியாயம் என்ன?

மன்னார்த் தீவிலே ஒருவன் இவ்வேலையில் ஈடுபட்டிருப்பதாகக் கொள்க. அவன் குடியிருக்கும் இடத்தின் இயல்பு இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகின்றது. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் பாலத்தைக் கடந்ததும் கோட்டை கண்ணுக்குப் படும். 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பதினாறாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் படைவீரன் தலைச்சீராவும் மார்புத் தகடும் அணிந்து போர்புரிந்தவன். ஆதலின் கவசம் என்பது அத்தீவுக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. மேலும், உப்பு விளையும் அக்கரையிலே வீசும் காற்று இரும்புக்குப் பகை. எண்ணெய் பூசாது விட்ட இரும்பு சில நாளிலேயே செந்நிறம் பூணும். பண்டை வீரர் துருவேறிய வளையச் சட்டையை மணல் நிறைந்த பீப்பாயுள் இட்டு உருட்டித் துலக்கினர் என்பர். மன்னாரில் மணலுக்குக் குறைவில்லை, துருவுக்கும் குறைவில்லை. எவரும் அடிக்காத கவசத்தை அங்கு உப்புக்காற்று நாள்தோறும் அடிக்கின்றது.

பிளேற்றோவின் ‘குடியரசு’ என்னும் நூலிலே மோதிரக் கதையொன்று வருகின்றது. கைஜீஸ் என்னும் இடையனுக்கு அணிந்தவனை மறைக்கும் மோதிரம் ஒன்று கிடைக்கின்றது. எவரும் காணார் என்னும் நிலையில் மனிதன் அறவழி நிற்பானா என்பதே அக்கதை எழுப்பும் வினா. கவசம் செய்வோனின் கையிலுள்ள ஒவ்வொரு வளையமும் அத்தகைய மோதிரமே எனலாம். முப்பதினாயிரம் வளையங்களுள் ஒன்றைத் தறையாது விட்டால் யார் அறிவார்? ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. கைஜீஸ் செய்த தீமை பிறரைத் தாக்கியது. தறையாத வளையத்தால் எவருக்கும் தீங்கில்லை. எனவே, இங்கே அறத்தைப் பிறர் நலத்தின் மீது மட்டும் நிறுத்த இயலாது. வேறோர் அடித்தளம் தேடவேண்டும்.

அடித்தளம் தேடுமுன் மறுப்பொன்றைக் கேட்டல் தகும். பயன்படாப் படைக்கலத்தைப் போற்றுவதைத் தமிழ் மரபு எள்ளியுள்ளது. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலில் அழகுற வைக்கப்பட்டிருந்த கருவிகளைக் கண்டு புகழ்வதுபோல் இகழ்ந்ததைப் புறநானூறு கூறும். அதியமானின் கருவிகளோ போரிலே சிதைந்து கொல்லன் பட்டறையிலே கிடந்தனவாம். இவ்வளவுகோலின்படி பொழுதுபோக்குக் கவசம் தொண்டைமானின் கொட்டிலைச் சேர்ந்ததன்றோ? நுணுகி நோக்கின், ஔவையார் எள்ளியது கருவி பயன்படாமையை அன்று. பயன்படாத கருவியைக் காட்டி வலிமை பேசிய செருக்கையே. அழகு குற்றமன்று, அழகை ஆற்றலாகக் காட்டுவதே குற்றம். ஒரு பொருள் தான் எதுவோ அதற்கு மேலாகத் தன்னைச் சொல்லிக்கொள்வதே பொய்யாகின்றது.

இக்கருத்தை ஸ்பானிய எழுத்தாளர் சேர்வாந்தெஸ் நகைச்சுவையோடு காட்டியுள்ளார். 1605இல் வெளிவந்த நாவலின் தொடக்கத்தில் டொன் கிஹோட்டே பழைய கவசத்தைத் துலக்கி எடுக்கின்றான். தலைச்சீராவில் முகமறைப்பு இல்லை. அட்டையினால் ஒன்று செய்து பொருத்துகின்றான். அதன் வலிமையை அறிய வாளால் ஓங்கி வெட்ட, ஒரு வாரத்து உழைப்பு ஒரு நொடியிலே சிதறுகின்றது. மீண்டும் செய்கின்றான், இம்முறை உள்ளே இரும்புப் பட்டிகள் வைக்கின்றான். ஆனால், மறுபடியும் வெட்டிப் பார்க்கவில்லை. சோதியாமலே அதனை மிகச் சிறந்த தலைச்சீரா என ஏற்றுக்கொள்கின்றான். அவன் பேதைமை அட்டையை எடுத்ததில் இல்லை. சோதனையிலிருந்து முகந்திருப்பியதிலே உள்ளது. அந்நொடியில் அவன் கைவினைஞனாய் இருப்பதை விட்டுத் தன் கனவின் அடிமையானான்.

அப்படியாயின், அட்டைக் கவசம் எல்லாம் பொய்யா? அன்று என்பதற்கு மன்னாரே சான்று. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு வகைக் கூத்துகள் அங்கு வழங்கி வந்துள்ளன. கத்தோலிக்க மக்களிடையே பயின்ற ‘எண்டிறிக்கு எம்பரதோர் நாடகம்’ 1964இல் சு. வித்தியானந்தனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அச்சேறியது. ‘எம்பரதோர்’ என்பது பேரரசனைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் தமிழ் வடிவம். கோட்டை கட்டியோரின் மொழி, கூத்துக் களரியிலே தமிழ் அரசனின் பெயராகி ஆடியது. ஈழத்துக் கூத்துகளிலே அரசன் அணியும் முடியும் புயக்கட்டும் மார்பணியும் இலேசான மரத்தாலும் அட்டையாலும் கண்ணாடித் துண்டுகளாலும் அமைவதுண்டு. அவை ஒரு வெட்டையும் தாங்கா. எனினும் அங்கே பொய்யில்லை. ஏனெனில் அவை தம்மை இரும்பென்று சொல்லவில்லை. ஆடுவோனும் அறிவான், காண்போரும் அறிவர். விடிய விடிய ஆடுபவனுக்கு இலேசான பாரமே வேண்டும். கூத்துடுப்பின் சோதனை ஆட்டம், போர் அன்று. அச்சோதனையில் அது வெல்கின்றது.

இவற்றால் ஓர் உண்மை புலப்படுகின்றது. செய்பொருள் ஒவ்வொன்றும் ஒரு கூற்று. கூத்துடுப்பு, “அரசனைக் குறிக்கின்றேன்” என்கின்றது, அது மெய். தறைந்த வளையச் சட்டை, “தாங்குவேன்” என்கின்றது, அதுவும் மெய். தறைந்ததெனக் காட்டப்படும் தறையாத சட்டையோ, “தாங்குவேன்” என்று சொல்லித் தாங்காதது. எவரும் அக்கூற்றைச் சோதிக்க வரவில்லை என்பதால் அது மெய்யாகிவிடாது. யாரும் கேளாத பொய்யும் பொய்யே. ஆகவே, கவசம் செய்வோனின் கடமை அவன் செய்பொருளின் கூற்றுக்கே உரியது. எளிய வழியில் செய்ய விரும்புவோன் அதனை வெளிப்படக் கூறின் குற்றமில்லை. பிற்கால இந்தியக் கவசங்களிலே முட்டவைத்த வளையங்கள் கொண்டனவும் உள. அம்முறையைக் கையாளுதல் இழிவன்று. ஒன்றை மற்றொன்றாகக் காட்டுதலே இழிவு.

செம்மையாகச் செய்தலினால் அறிவும் விளைகின்றது. 1964இல் வட இங்கிலாந்தின் கோர்பிறிஜ் என்னுமிடத்தில் மரப்பெட்டி ஒன்றினுள் உரோமப் படைவீரரின் தகட்டுக் கவசத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. லண்டன் கோபுரப் படைக்கலச் சாலையைச் சேர்ந்த றசல் றொபின்சன் அவற்றை ஆராய்ந்து, முழுக்கவசத்தை மீண்டும் செய்து காட்டினார். அக்கவசத்தில் தகடுகள் உட்புறத்திலே தோற்பட்டிகளோடு தறையாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. தோல் நெடுங்காலம் நிலைப்பதன்று. ஆணியின் இடமே பட்டியின் இடத்தைச் சொல்லும். புறத்தே சிறு புள்ளியாகத் தோன்றும் ஆணி, நூற்றாண்டுகள் கழித்துச் சான்று பகர்கின்றது.

இனி, இதனினும் கடினமான வினா எஞ்சுகின்றது. செம்மையாகச் செய்தல் நன்று. ஆனால், போரின் உடையைச் செய்து மகிழ்தல் தகுமா? வேறிடத்தில் இதனை விளையாட்டென்று விட்டுவிடலாம். மன்னாரில் அவ்வாறு விட இயலாது. 1544இல் அத்தீவிலே கத்தோலிக்கம் தழுவிய மக்கள் யாழ்ப்பாண அரசனின் ஆணையால் வெட்டுண்டனர். 1560இல் வந்தோர் கோட்டை கட்டி ஆண்டனர். 2009இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரிலே அக்கரையின் ஊர்கள் பலவும் இடம்பெயர்ந்தன. அப்போரில் குண்டுக்கு முன் நின்ற குடிமக்களுக்குக் கவசம் இருந்ததில்லை. 1544இல் வெட்டுண்டோருக்கும் இருந்ததில்லை. கோட்டைக்குள் நின்ற படைவீரனின் கவசம் செம்மையாகவே தறையப்பட்டிருக்கலாம். அதனால் அவன் வந்த நோக்கம் செம்மையாகிவிடாது. கைவினையின் நேர்மை வேறு, நோக்கத்தின் நன்மை வேறு என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும், கவசம் வாளன்று. வாள் பிறனுடைய உடலை எண்ணிச் செய்யப்படுவது. கவசம் தன்னுடைய உடலை எண்ணிச் செய்யப்படுவது. பதிற்றுப்பத்து, சேர மன்னனைத் தன் வீரர்க்கு மெய்ம்மறை என்று போற்றுகின்றது. காத்து நிற்றலே அங்குப் புகழாயிற்று. வளையத்தை ஒவ்வொன்றாகத் தறைபவன் எதனைக் கற்கின்றான்? மனிதத் தோல் எத்துணை மெல்லிது என்பதையே கற்கின்றான். அக்குளின் அடியிலும் கழுத்தின் ஓரத்திலும் இரும்பு எவ்வாறு பொருந்தவேண்டும் என எண்ணுந்தோறும், எங்கே உயிர் வெளியேறும் என்பதை அவன் எண்ணுகின்றான். சட்டை நிறைவெய்தி அதன் பாரம் தோளில் அமரும்போது, அஞ்சியவனின் பாரம் அவனுக்கு விளங்குகின்றது. வீரத்தின் மினுக்கத்தை மட்டும் விரும்புவோன் தறையமாட்டான். அவனுக்குப் பளபளப்பே போதும். செம்மையாகச் செய்யப்பட்ட கவசம் அச்சத்தை ஒப்புக்கொள்கின்றது. போலிக் கவசம் அதனை மறைத்து வீரம் பேசுகின்றது. மறைவிலுள்ள ஆணி இவ்வகையில் இரு கடமைகளையும் ஒருங்கே நிறைவேற்றுகின்றது: செய்பொருளுக்குரிய மெய்ம்மையும், போர் பற்றிய மெய்ம்மையும் அதிலே தங்கியுள்ளன.

இதனாற் பொழுதுபோக்கு முழுவதும் தூயதாகிவிடும் என்பதற்கில்லை. முப்பதினாயிரம் வளையங்களைத் தறைந்து முடித்தபின்பும் ஒருவன் தன்னை வெற்றிவீரனாக மட்டுமே கண்ணாடியிற் காண்பானாயின், அவன் கை கற்றதை நெஞ்சு கற்கவில்லை என்பதே பொருள். கவசத்துள் நிற்பவனை நினைப்பதோடு அமையாது, கவசமின்றி வெளியே நின்றவரையும் நினைத்தல் வேண்டும். அந்நினைவு உள்ளவிடத்து இவ்விளையாட்டு அறத்துக்கு மாறானதன்று. அஃது இல்லாதவிடத்து, எத்துணை நுண்மையாகத் தறைந்தாலும், தொண்டைமானின் கொட்டிலிலே மேலும் ஒரு பொருள் சேர்ந்ததாகவே முடியும்.

எவரும் தாக்காத கவசத்தைத் தறைவதற்கு நியாயம் இதுவே: தாக்குண்டால் மனிதன் என்னாவான் என்பதை அறிந்த கையே அவ்வாறு தறையும். பணி முடிந்த மாலையிலே மன்னார்க் கைவினைஞன் அதற்கு எண்ணெய் பூசி, துணியிற் சுற்றி வைக்கின்றான். கடலிலிருந்து காற்று வீசுகின்றது. அடுத்த நாளும் அவன் அதனை எடுத்துத் துடைக்கவேண்டும்.