தட்டப்படாத சுவர்

பொறுமை ஈமானின் அணிகலன். ஆயின், வாய்மூடிக் கிடப்பதெல்லாம் பொறுமையாகுமா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது, பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி 1963இல் அரபியில் வெளியிட்ட 'ரிஜாலுன் ஃபிஷ் ஷம்ஸ்' என்னும் சிறு நாவல். 'வெயிலில் மனிதர்கள்' என்பது அதன் பொருள்.

நாடிழந்த மூவர் பிழைப்புத் தேடி, பஸராவிலிருந்து குவைத்துக்கு, லாரியின் வெற்றுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்து செல்கின்றனர். எல்லைச் சாவடி அதிகாரிகள் ஓட்டுநரிடம் வீண்கேலி பேசிப் பொழுதுபோக்க, கொதிக்கும் தொட்டிக்குள் மூவரும் மூச்சடங்கி மாய்கின்றனர். மய்யித்துகளைக் குப்பைமேட்டில் போட்டு, அவர்தம் பணத்தையும் எடுத்துக்கொண்ட ஓட்டுநர், சுவரைத் தட்டாதது ஏன் என்று கதறுகிறார்.

தட்டாதது அவர்கள் பிழையெனில், தட்டினால் திறப்பார் உண்டென்னும் நம்பிக்கையை அவர்கட்கு நல்காதது யார் பிழை? அன்பர்கள் இந்நாவலை அவசியம் படிக்க வேண்டும். படித்தபின் நம் செவிகளை நாமே சோதித்தல் வேண்டும்.