விரற்பதிவும் வினைக்கணக்கும்

2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி முதல், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்போரின் கைவிரல் அடையாளத்தை நமது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பெற்றுவருகிறது. பேரப்பிள்ளைகளின் முகங்காணக் கடல் கடக்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதியோரோ அவ்விரல்களையே அந்நிய தேசங்களின் கண்ணாடித் தட்டிலும் வைக்கின்றனர். ஷெங்கன் நாடுகள் விசாவுக்காக வாங்கும் 10 விரற்பதிவுகளை 5 ஆண்டுகளும், அமெரிக்கா 75 ஆண்டுகளும் வைத்திருக்கின்றன.

உயிர் உடம்பின் வேறென்று சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் நிறுவியிருக்க, உடம்பின் ரேகையைப் பிறர் பிரதியெடுப்பதனாற் சைவனுக்கு என்ன நஷ்டம் என்று வினவுவோர் உளர். அது சித்தாந்தத்தின் ஒரு பாதியை மாத்திரம் அறிந்தோர் வினா. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், ஆணவத்தில் அழுந்திய ஆன்மா பக்குவமெய்தும் பொருட்டு இறைவன் கருணையினாற் கூட்டிவைத்தவை. ஆகலின் உடம்பு நம் சொத்தன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப்பொருள். அதனைத் தன் பொருளினும் மேலாகப் பேணுவதன்றோ தர்மம்?

கணக்கெழுதுதல் நம் சமயத்திற்குப் புதியதன்று. சித்திராபூரணையிற் சித்திரபுத்திரனார் கதையைக் கோயிலிற் படிக்கக் கேட்டுக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அந்த ஏட்டில் ஏறுவது செயலேயன்றி அங்கமன்று. புசித்துத் தீர்ந்த வினை அங்கே நிலுவையாய் நில்லாது. மலபரிபாகம் வாய்க்குமாயின், திருவருள் சஞ்சிதமாகிய பழங்கணக்கு முழுவதையுமே எரித்துவிடும். விரற்பதிவோ செயலையும் அறியாது, மனந்திருந்தியதையும் அறியாது. இளமையில் ஓர் எல்லையிலே திருப்பியனுப்பப்பட்டவனை முதுமையிலும் அன்றைய மனிதனாகவே நிறுத்திவைக்கும். ஆன்மா மாறிப் பக்குவப்படும் என்னும் கொள்கைக்கு இதனினும் பெரிய மறுப்பை நான் அறியேன்.

2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்த தமிழர் 376 பேர், தலைநகரில் இருக்கத் தக்க காரணமில்லாதோர் எனப்பட்டு பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் தடைவிதித்தது. ஒருவன் இன்னான் என்று அறியும் அதிகாரம், அவன் இங்கே இருக்கலாமா என்று தீர்க்கும் அதிகாரமாக ஒரே நாளில் உருமாறியதைக் கண்ட ஊர் இது. ஆகவே நமது அச்சம் வெறும் தத்துவ விசாரமன்று.

எல்லையில் ஆளை அறிதல் அரசின் நியாயமான தொழிலே. அறிந்தபின் அப்பதிவைக் காலவரையின்றிக் கைக்கொள்ளுதல் அடைக்கலப்பொருளை அபகரித்தலாகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடலடையாளத் தரவுகளை விசேட வகையாகவே கொள்கிறது. விரலை வைக்குமுன், இஃது எத்தனை ஆண்டு இருக்கும், எவரெவர் பார்ப்பர் என்று கேளுங்கள். நம் முதியோர் கேட்கத் தயங்குவாராயின், உடன்செல்லும் பிள்ளைகள் அவர்களுக்காகக் கேட்க வேண்டும்.